ஜீப்பின் நிழல்

சிங்கத்தைக் கண்ணால் பார்த்தால் எண்பது டாலர், பார்க்காவிட்டால் முப்பது என்று பேரத்தை முடித்துவிட்டுத்தான் ஜவுளிக்கடை முருகப்பன் மனைவி உமையாளோடு அந்தக் கதவில்லாத ஜீப்பில் ஏறினார். தான்சானியப் புல்வெளியின் நடுவே வண்டி நின்றபோது மூன்று சிங்கக்குட்டிகள் ஓடிவந்து, அதன் நிழலில் சக்கரங்களை ஒட்டிப் படுத்துவிட்டன. வேறு நிழல் அங்கே கிடையாது. நகர்த்தினால் நசுங்கிவிடும் என்று ஓட்டுநர் சாவியைத் தொடவில்லை.

“பேரத்துல புலியாச்சே, எறங்கிப் பேசி அனுப்புங்க,” என்றாள் உமையாள்.

“மெல்லப் பேசு. இதுங்க ஆத்தா காதுல விழப்போகுது.”

பிணந்தின்னிக் கழுகு ஒன்று வண்டி முகப்பில் வந்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. தூரத்துப் புல் காற்றில்லாமலே அசைந்தது, இந்தப் பக்கமாக. முருகப்பனின் வாய் தன்னால் கணக்குப் போட்டது: மேலே மூன்று பேர், கீழே மூன்று குட்டி, தாய் பாக்கி.