விரிசல் விட்ட இடம்

"செத்த பாம்பை எதுக்கு மறுபடி அடிக்கணும்?" என்றார் மீசை.

மீசை, அந்த நீரியல் ஆராய்ச்சிக்கூடத்தின் டெக்னீஷியன். அவர் அப்படிச் சொன்னது, வாசலில் வந்து இறங்கிய வெல்டரைப் பார்த்து. வெல்டருக்கு அறுபத்துமூன்று வயசு. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் கண்ணாடி கீறிப்போன முகக்கவசம்.

புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "யார் சார் இவர்?"

"லாக் கதவு கேஸ் தெரியாதா உனக்கு?"

அணையைத் தாண்ட வேண்டிய சரக்குப் படகுகளை ஒரு பெரிய தொட்டிக்குள் விட்டு, இரும்புக் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அந்தப் பக்கம் அனுப்புவார்கள். அதுதான் லாக். கதவு ஒவ்வொன்றும் நாலு மாடி உயரம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் ஒரு கதவின் அடி மூலையில் விரிசல் விட்டது. ஆறு வாரம் ஆற்றில் படகே ஓடவில்லை. 'வெல்டிங் சரியில்லை' என்று விசாரணையில் எழுதி, இவர் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள்.

"அதுக்கப்புறம் ஜன்னல் கம்பி அடிச்சுப் பொழைக்கிறார். பொண்ணை ஸ்கூல்ல 'அணையை உடைச்சவர் மக'ன்னே கூப்பிட்டாங்களாம்."

"இப்ப ஏன் வரச் சொன்னாங்க?"

"மேடம் உத்தரவு. அதே மூலையை அதே அளவுல செஞ்சு, இவரையே வெல்டு பண்ண வெச்சு, உடையற வரைக்கும் மெஷின்ல போட்டுத் தள்ளணுமாம்."

இயக்குநர் மேடம் வந்தார். வெல்டரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பழைய முறைப்படியே போடுங்க. அதே வெல்டிங் ராடு, அதே வரிசை."

வெல்டர் தயங்கினார். "அன்னிக்கு எனக்குக் கை நடுங்கலைம்மா. இப்ப கொஞ்சம் நடுங்குது. பரவாயில்லையா?"

"பரவாயில்லை. போடுங்க." போய்விட்டார்.

கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டாள் இன்ஜினியர்.

வெல்டர் இரண்டு நாள் வேலை செய்தார். இரண்டு ஆள் உயர இரும்புத் துண்டு. ஒவ்வொரு கோடு போட்டதும் கசடைத் தட்டி, தேய்த்து, குனிந்து பார்த்து, அப்புறம்தான் அடுத்த கோடு. அவள் இதுவரை ஒரு வெல்டிங்கை இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

சோதனை ஆரம்பமானது. கதவின் மேல் தண்ணீர் சாய்கிற அதே பாரத்தோடு இயந்திரம் தள்ளும், விடும். அரை நிமிஷத்துக்கு ஒரு தள்ளு. ஒரு தள்ளு என்றால் ஒரு படகு தாண்டியதாகக் கணக்கு.

தினமும் வந்ததும் அவள் இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். தள்ளும்போது ஒரு மயிரிழை அசையும். விட்டதும் பழையபடி நிற்கும். அத்தனை படகும் அத்தனை ஆற்றுத் தண்ணீரும் தன் கைக்குக் கீழேயே போவதுபோல் இருக்கும்.

ஒன்பதாம் நாள் பொறுக்க முடியாமல் மேடத்திடம் கேட்டுவிட்டாள். "மேடம், அந்தப் பெரியவர் தினமும் வந்து பெஞ்சுல உக்காந்திருக்கார். சாப்பாடுகூட இறங்கலை. பார்க்கவே பாவமா இருக்கு. வீட்டுக்கு அனுப்பிடலாமே?"

"உடையறப்போ அவர் இருக்கணும்." அவ்வளவுதான் பதில்.

பதினாறாம் நாள் மத்தியானம், நாற்பத்துமூவாயிரத்துச் சொச்சமாவது தள்ளில், கூடமே அதிர ஒரு சத்தம். இயந்திரம் தானாக நின்றது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். வெல்டர் மட்டும் பெஞ்சிலேயே இருந்தார்.

"அவரையும் கூப்பிடுங்க" என்றார் மேடம்.

மீசை இரும்பின் மேல் சிவப்புச் சாயத்தை அடித்தார். கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தார். மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தார். விரிசலுக்குள் இறங்கிய சாயம் மட்டும் இனி மெல்ல வெளியே வரும்.

வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி நீண்டு கோடானது. தகட்டை உள்பக்கமாக வெட்டியிருந்த கூர் மூலையில் தொடங்கி, வெல்டிங்குக்கு ஒரு விரல்கடை தள்ளியே ஓடி, தகட்டைப் பிளந்துகொண்டு போயிருந்தது.

நடுங்கிய கையால் போட்ட வெல்டிங், போட்டது போட்டபடி நின்றது.

வெல்டர் கிட்டே போய் அதைத் தடவிப் பார்த்தார்.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க. வெல்டிங்கில் எந்தக் குறையும் இல்லை. மூலையை வளைவாக வெட்டாமல் கூர்மையாக வெட்டச் சொன்ன வரைபடம்தான் தவறு. போன வருஷம் லாக்ல தண்ணியை வடிச்சப்போ, இன்னொரு கதவுலயும் இதே இடத்துல கீறல் இருந்துச்சு. அது இவர் போட்ட வெல்டிங் இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்க. இதே வரைபடத்துல செஞ்ச கதவு இன்னும் பதினோரு லாக்ல இருக்கு. எல்லாத்தையும் மாத்தணும். அறிக்கை இன்னிக்கே போகணும்."

"மேடம், நீங்களே கணக்குப் போட்டு எழுதியிருந்தாலே போதுமே? எதுக்கு இவ்வளவு..."

"காகிதத்துல எழுதினா, பாவப்பட்டு எழுதினாங்கன்னு யாராவது சொல்லுவாங்க. இரும்பு சொன்னா யாரும் வாய் திறக்க முடியாது."

வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இந்தப் படத்தை வரைஞ்சவர் யாரும்மா? இன்னும் இருக்காரா?"

மேடம் அன்றுதான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"உங்க முன்னாடிதான் நிக்கிறேன், அண்ணே."