தேக்கு அலமாரி

"கேஸ் போட்ட ஆளே போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே கேஸ் எங்க இருக்கு, வக்கீல் சார்?"

மரப்பட்டறைக்காரர் குரலில் துக்கத்தை விளக்குப் போட்டுத் தேடினாலும் கிடைக்காது. பட்டறையை நீட்டிக் கட்டும்போது பக்கத்து மனையில் மூன்றடியை விழுங்கிவிட்டார் என்று அவர்மேல் வழக்குப் போட்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர், போன வாரம் மாரடைப்பில் கண்ணை மூடிவிட்டார். அந்த மூன்றடி கைவிட்டுப் போனால் மரம் அறுக்கும் மெஷினுக்கு இடமில்லை. மெஷின் இல்லையென்றால் பட்டறையே இல்லை.

"சாவுக்குப் போனீங்களா?" என்றார் வக்கீல்.

"போகாம? முதல் ஆளா நின்னேன். அழக்கூட அழுதேன்."

"ஆள் செத்தா கேஸ் சாகாதுங்க. இது நிலத்து வழக்கு. தொண்ணூறு நாளுக்குள்ள வாரிசு மனு போட்டு, அவர் இடத்துக்கு வந்துடலாம். யாரும் வரலேன்னாதான் தானா விழும்."

"வாரிசா? ஒத்தக்கட்டை சார் அந்தாளு. கல்யாணமே பண்ணிக்கல. அப்பா அம்மா எப்பவோ போயாச்சு."

"கூடப் பொறந்தவங்க?"

பட்டறைக்காரர் காதைச் சொறிந்தார். "ஒரு தங்கச்சி இருக்கு. கட்டிக் குடுத்தாச்சு."

"கட்டிக் குடுத்தா என்ன? வாரிசு வாரிசுதான்."

"அது பாட்டுக்கு ஒரு வீட்ல சோறாக்கிட்டுக் கிடக்கு சார். கோர்ட்டு எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. யாராவது கிளப்பி விட்டாத்தான் உண்டு."

"அப்போ யாரும் கிளப்பி விடாமப் பாத்துக்கங்க."

பட்டறைக்காரருக்கு மனசு லேசாகிவிட்டது. சமையலறைக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் அலமாரி செய்கிறவர் வீட்டில் டப்பாக்கள் தரையில்தான் கிடந்தன. இப்போது நல்ல தேக்காகப் பார்த்து எடுத்து, வேலையாட்களைத் தொடவிடாமல் தானே இழைத்து, பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன, திடீர்னு?" என்றாள் மனைவி.

"உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். பிறகு அவரை, அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

கெடு முடியப்போகிற சமயத்தில், ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது வக்கீல் போன் செய்தார். கையெல்லாம் பசை. விரல் முட்டியால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்தத் தங்கச்சி மனு போட்டாச்சுங்க. கேஸ் நடக்கும். யாருங்க அவங்களைக் கிளப்பி விட்டது?"

போன் அணைந்த பிறகும் பட்டறைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதான்," என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

புது அலமாரியில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே மனைவி தொடர்ந்தாள்: "இருபது வருஷமா கேட்டும் அசையாத மனுஷன் தானா அலமாரி செஞ்சா சந்தேகம் வராதா? எங்கண்ணனோட வக்கீலைப் போய்க் கேட்டேன், எல்லாம் சொன்னாரு. பிரதிவாதி கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."