இருபத்து மூன்றாம் எண்

இருபத்து மூன்றாம் எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. ஒன்றல்ல, தாள் கிழிகிற அளவுக்கு மூன்று வட்டம்.

பெர்மெத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். அவள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் ஐம்பத்தெட்டு எண்கள். மற்ற ஐம்பத்தேழின் மேல் பென்சில் படவே இல்லை.

"இதை எடுத்துக்கிட்டு உடனே உள்ள வரச் சொன்னாரு அகாய்," என்றாள் அலுவலகச் செயலர் தமீரா. பிஷ்கேக் நகரில் இருந்த அந்தக் கால்நடை ஆய்வு நிலையத்தில் துறைத்தலைவர் கெனெஷை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் அகாய்தான், அதாவது ஐயா. "என்னடி பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணுமில்ல எஜே. கமா, புள்ளி ஏதாவது தப்பா இருக்கும்," என்றாள் பெர்மெத். தமீராவை அக்கா என்ற பொருளில் எஜே என்றுதான் கூப்பிடுவாள்.

"கமாவுக்கா மூணு வட்டம்? மனுஷன் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டல. எப்பவும் போலப் பட்டியல்ல தன் பேரு எத்தனை இடத்துல இருக்குன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தாரு. பதினொண்ணு தேறுச்சு. இருபத்து மூணுக்கு வந்தாரு, மூஞ்சி கறுத்துப் போச்சு."

ஒரு வாரமாக அந்தப் பட்டியலைத்தான் ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள் பெர்மெத். ஆய்விதழ் கேட்டபடி ஆண்டை அடைப்புக்குள் போட்டு, தலைப்பைச் சாய்வெழுத்தாக்கி, பக்க எண்களைச் சரிபார்த்து. கமாவில் தப்பே இல்லை. இருபத்து மூன்றாவது கட்டுரைதான் உலகத்திலேயே இல்லை.

வேறு வழி தெரியவில்லை. தன் ஊர்ப் பள்ளத்தாக்கில் சதுப்பு வற்றத் தொடங்குகிற வாரத்தில்தான் ஆட்டுக்கு ஈரல் புழு தொற்றுகிறது என்று எழுதியிருந்தாள். சான்று எங்கே என்று கேட்டு இதழ் திருப்பி அனுப்பிவிட்டது.

"எங்கம்மா சொல்லுவாங்க அகாய்," என்றாள் அப்போது. அவர் சிரித்தார். "அம்மா சொன்னான்னு அறிவியல்ல எழுதுவியா? பழைய சோவியத் கட்டுரை எதாவது இருக்கும், தேடிப் போடு."

மூன்று நாள் நூலகத்தில் தூசி தின்றாள். அப்படி ஒரு கட்டுரையை எவனும் எழுதவில்லை. ஆடு மேய்க்கிறவளிடம் போய்க் கேட்டால்தானே எழுத! நாலாம் நாள் ஆத்திரத்தில் அவளே ஒன்றை உண்டாக்கினாள். 'ஒமுரோவா பு. (1986). ஆய்வுக் கோவை, 14, 41–48.'

ஒமுரோவா என்பது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். சொன்னவள் அவள், வேறு யார் பெயரைப் போடுவது? 1986இல் அம்மாவுக்குப் பதினான்கு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அதே சதுப்போரம் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் இல்லாத ஒரு நூலைக் காட்டி மாட்டிய பாலமீரை ஒரே நாளில் வெளியே அனுப்பினார் அகாய். இப்போது அவன் சித்தப்பா கடையில் செல்போன் உறை விற்கிறான். பெர்மெத்துக்கு அப்படிக் கடை வைத்திருக்கிற சித்தப்பாவும் கிடையாது. அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். விழுந்தால் தரைதான்.

இன்னும் பன்னிரண்டு நாளில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. கட்டுரை அச்சேறாவிட்டால் அதுவும் இல்லை. காலையில்தான் அம்மா பேசினாள். "செம்மறியத் தனியாக் கட்டிட்டேன் கண்ணு. நீ பாஸானதும் அறுத்து ஊருக்கே சோறு போடணும்கிறாரு உங்கப்பா."

தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கதவச் சாத்து," என்றார் அகாய். உட்காரச் சொல்லவில்லை. "இந்த இருபத்து மூணு எங்க கிடைச்சுது?"

"பழைய... ஆய்வுக் கோவையில அகாய்."

"கையில எடுத்துப் பார்த்தியா?"

"அகாய், நானே சொல்லிடறேன்..."

"நீ பேசாதே." மேசையைத் தட்டினார். தேநீர்க் கிண்ணம் துள்ளியது. "முப்பத்தெட்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். அந்தப் பள்ளத்தாக்கப் பத்தி எனக்குத் தெரியாம ஒருத்தர் ஒரு வரி எழுதியிருக்க முடியுமா? என்னைக் கேனையன்னு நினைச்சியா?"

"இல்ல அகாய்..."

"இந்த ஒமுரோவா யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

சேர்க்கை விண்ணப்பத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கேட்டிருந்தார்கள். அதை எடுத்துப் பார்த்திருக்கிறார். முடிந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது? செம்மறியை அவிழ்த்து விடச் சொல்வதா?

அகாய் எழுந்து வந்து அவள் எதிரில் நின்றார்.

"மன்னிச்சிடுங்க அகாய்," என்றாள்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்." சிவப்புப் பென்சிலை அவள் கையில் திணித்தார். பட்டியலில் இருபத்து மூன்றாம் எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"ஒமுரோவாவும் நானும் சேர்ந்து எழுதின கட்டுரை அது. என் பேர ஏம்மா விட்டே?"