சானியாவின் விரல்கள்

மலையைச் சுற்ற வரும் பௌர்ணமிக் கூட்டத்துக்கான ஒலிபெருக்கி சன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது. அந்த இரைச்சல் பதிவில் ஏறாதிருக்க, சானியா மைக்கை ஒதுக்கிவிட்டு எலக்ட்ரிக் கிதாரை ஒரு சிறு பெட்டி வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்து வாசித்திருக்கிறாள். இசைக்குழுத் தேர்வுக்கு அந்தப் பதிவை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அண்ணன் அப்சலோ திரையில் எஃபெக்டுகளை அடுக்கிக்கொண்டே போகிறான். கரகரப்பு, எதிரொலி, அதன்மேல் இன்னோர் எதிரொலி. ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்கிறாள். அவள் விரல்கள் அதில் எங்குமே இல்லை. “யாருண்ணா இது? மலைக்கு அந்தாண்ட எவனோ தகர டப்பா உருட்டுறான்!” “உன் தப்பு தெரியக் கூடாதுன்னுதான் கொஞ்சம் ஜாஸ்தி வெச்சேன்.” “எந்தத் தப்பு? காட்டு!” மவுஸிலிருந்து அவன் கையைத் தள்ளிவிட்டு, முகம் சிவக்க ஒவ்வொரு எஃபெக்டாக அணைக்கிறாள். கம்பியில் விரல் வழுக்கும் கீச்சொலி பளிச்சென்று கேட்கிறது. “அந்தக் கீச்சையாவது எடுத்துடேன்” என்கிறான். “அதான் நானு” என்று அனுப்பும் பொத்தானை அழுத்துகிறாள்.