பனிச்சரிவில் பின்னிருக்கை

பனிமேட்டில் சறுக்கி இறங்கும் ரப்பர் வளையத்திலும் மரகதவல்லி ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்தாள். போன ஆடியில் கணவர் போய்ச் சேரும்வரை அவருடைய ஸ்கூட்டரில் அப்படித்தான் உட்கார்ந்து பழக்கம்.

“இது வண்டியில்லம்மா. நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் கெட்டியாப் பிடிச்சுக்கோ,” என்று திருத்தி உட்கார வைத்துத் தள்ளிவிட்டாள் மகள் சுகந்தி.

வளையம் சரிவில் பாய்ந்தது. முகத்தில் பனித்தூள் அறைந்தது. மரகதவல்லியின் வலது கை பிடியை விட்டுவிட்டுத் தானாக முன்னால் நீண்டு, ஒரு தோளின் உயரத்தில் வெறும் காற்றைப் பற்றிக்கொண்டது. கண்களை இறுக மூடி, “மெதுவாப் போங்களேன்,” என்றாள்.

அடிவாரத்தில் வளையம் நின்றது. பின்னாலேயே சறுக்கி வந்த சுகந்தி ஓடிவந்து கை கொடுத்தாள். நீட்டிய கையை அம்மா இன்னும் இறக்கவில்லை.

“இறங்கும்மா.”

“இருடி, அப்பா வண்டிய ஓரமா நிறுத்தட்டும்.”