சத்தம் கூடின கீபோட்

"இருக்கிறதுக்குள்ள சத்தம் கூடினது எது தம்பி?"

புஸ்பம் இப்படிக் கேட்டதும் நிஸ்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கவும் அவள் முயலவில்லை.

ஓட்டமாவடியில் றிஸானின் கணினிக் கடை. கம்பஸ் ஆய்வுக் கட்டுரை அடிக்கவென்று, பத்தாயிரத்துக்குள் ஒரு மெக்கானிக்கல் கீபோட் வாங்க வந்திருந்தாள் நிஸ்றா. இரண்டு கிழமையாக யூடியூப்பே கதியென்று கிடந்ததில், எந்த நிறச் சுவிட்ச் எப்படி அழுந்தும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிரதேச செயலகத்துக்கு முன்னால் டைப்பிங் கடை வைத்து ஊரார் மனுக்களை அடித்துக் கொடுக்கும் புஸ்பத்துக்கோ, சுவிட்ச் என்றால் லைற் போடுகிறதுதான்.

"சத்தத்துக்காகவா அக்கா கீபோட் வாங்கிறீங்க?"

"ஓம் புள்ள."

"சிவப்புச் சுவிட்ச் எடுங்க. மெதுவா அழுந்தும், விரல் நோகாது, பக்கத்தில இருக்கிற ஆளுக்கும் கரைச்சலில்ல. விலையும் ஒண்டுதான். நீலம்தான் சத்தம் கூட, அது கேம் விளையாடுற பொடியன்மார் படங்காட்ட வாங்கிறது."

புஸ்பம் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. "தம்பி, அந்த நீலத்தை அடி. நான் வெளிய நிண்டு கேட்டுப் பாக்கிறன்" என்று படியிறங்கிப் போனாள்.

றிஸான் தடதடவென்று அடித்தான். நிஸ்றா விடுகிற ஆளா? வாசலைப் பார்த்து, மிச்ச விளக்கத்தையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

புஸ்பம் முகம் நிறையச் சிரிப்போடு திரும்பி வந்தாள்.

"ஏதோ சொன்னாய் போல கிளி. ஒரு சொல்லும் கேக்கல்ல. தம்பி, இதையே கட்டு."

அவள் போனதும் நிஸ்றா றிஸானிடம் பொரிந்தாள். "பாத்தீங்களா காக்கா? அடிக்கிறது நாலு மனு. அது ஊருக்கெல்லாம் கேக்கணுமாம். எவ்வளவு வேலை பாக்கிறன் பாருங்க எண்டு விளம்பரம்."

"உனக்கு வேண்டியதை எடுத்துட்டுப் போ புள்ள," என்றான் றிஸான். "கீபோட் அவட, கடையும் அவட."

அடுத்த கிழமையே புஸ்பத்தின் டைப்பிங் கடை வாசலில், நீள வாங்கில் போய் உட்கார வேண்டி வருமென்று நிஸ்றா நினைக்கவில்லை.

அவள் ராத்தா என்று கூப்பிடும் அக்கா ஸகியா, மூன்று வருடமாகப் புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டு, வழுக்கி விழுந்தேன், கதவு இடித்தது என்று சொல்லி வந்தவள். பிரிவும் பிள்ளைச் செலவும் கேட்டு, முஸ்லிம் குடும்ப வழக்கு விசாரிக்கும் காதியாருக்கு மனுக் கொடுக்க, நிஸ்றா வாதாடி வாதாடித்தான் அவளைச் சம்மதிக்க வைத்தாள்.

"குடுக்கிறன். ஆனா காதியார் வாசிக்க முந்தி ஊர் வாசிக்கக் கூடா," என்றாள் ஸகியா. "அவர்ட வீட்டாருக்குத் தெரிஞ்சா, மனுப் போக முந்தியே என்ட புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

"ஊரே கேக்கட்டும் ராத்தா. நாம என்ன களவா எடுத்த?"

"உனக்குப் புள்ள இல்ல. அதான் இப்படிக் கதைக்கிறாய்."

டைப்பிங் கடை ஒரு பலகைத் தட்டிக்குள் அடக்கம். வாசலுக்கு ஒரு சேலைத் துண்டுதான் திரை. உள்ளே புஸ்பத்துக்கு ஒரு கதிரை, மனுக்காரருக்கு ஒரு கதிரை.

"நீ வெளிய இரு கிளி," என்றாள் புஸ்பம்.

"நான் அவட தங்கச்சி."

"அதாலதான் சொல்றன்."

திரை விழுந்தது. வாங்கில் ஐந்து பேர். அந்த வாங்கில் தினமும் ஒரு மணித்தியாலம் இருந்தால் போதும், பேப்பர் வாங்கத் தேவையில்லை. எவருக்கு எந்தக் காணியில் வழக்கு, எவர் யாரை விட்டார் எல்லாம் பலகை வழியே வந்துவிடும்.

பார்த்துக் கொண்டிருக்கவே, குடையை ஊன்றியபடி வந்து சேர்ந்தார் உசனார். ஸகியா புருஷனின் சாச்சா, தகப்பனின் தம்பி.

"உள்ளுக்கு ஆரு மகள்?"

நிஸ்றாவுக்குப் பொய் வராது. வாய் மட்டும்தான் நீளம். "ராத்தா."

"ஆ... என்னவாம்?"

"கடிதம்."

உசனார் இருந்தவர்களை நகர்த்தி, பலகையோரமாகப் போய் அமர்ந்தார். தலை தன்பாட்டில் பலகையில் சாய்ந்தது.

உள்ளே கீபோட் தொடங்கியது. தடதட, சடசட, ஓயாமல்.

"இதென்ன, நெல்லுக் குத்துற மெஷினா?" என்றார் உசனார். "இஞ்ச புஸ்பம், மெள்ள அடியன். ஒண்டும் விளங்குதில்ல."

"உங்களுக்கு என்ன சாச்சா விளங்கணும்?" என்று கேட்டாள் நிஸ்றா.

உசனார் குடையின் பிடியைத் தடவினார்.

"பழகிரும் காக்கா," என்று உள்ளிருந்து பதில் வந்தது. அடி இன்னும் உரத்தது.

கால் மணித்தியாலம் தாக்குப் பிடித்தார். பிறகு "நான் பொறகு வாறன்" என்று காதைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போனார்.

நிஸ்றாவும் எவ்வளவு நேரமாகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். ராத்தாவின் குரல் ஒரு இழை கூட வரவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. நிறுத்தாமல் அடிக்கிறவள் எங்கே கேட்கப்போகிறாள்? மூன்று வருடம் வாய் திறக்காதவள் இன்றைக்குத்தான் திறந்திருக்கிறாள். இந்த மனுசி தன் புதுச் சாமானுக்கு வெள்ளோட்டம் விடுகிறாள். சிவப்பு எடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லவில்லையா?

சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு எழுந்து போய்த் திரையைப் படாரென்று விலக்கினாள்.

ஸகியா சொல்லிக்கொண்டே இருந்தாள், கண்ணைத் துடைக்கக்கூட நிறுத்தாமல். புஸ்பத்தின் பார்வை அவள் முகத்தை விட்டு அகலவில்லை. வலது கையிலிருந்த பென்சில், சொல்வதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தது.

"திரைய இழுத்துவிடு கிளி. குரல் வெளிய போகும்."

இடது கை மட்டும் கீபோட்டில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கணினியில் மேலிருந்து கீழ்வரை வெறும் எழுத்துக் குப்பை, ராத்தாவின் மனுவிலிருந்து ஒரு சொல் கூட அதில் இல்லை.