போன மாதத்து ஜேர்சி

“அங்கிள், இண்டைக்கு எதிர் ரீம்தான் பச்சை! எங்கட ஆக்கள் உங்களைத் தூக்கிக் கடலுக்குள்ள போடப்போறாங்கள்.”

ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஆட்டங்களை முகநூலில் நேரலையாகக் காட்டும் டிலக்ஷி சிரித்தாள். பச்சை ஜேர்சியோடு நின்ற ஆனந்தராசா சிரிக்கவில்லை.

“போடட்டும் பிள்ளை. தர்சனுக்கு என்னைத் தெரியவேணும்.”

தர்சன் அவருடைய ஒரே மகன், கனடாவில். போட்டித் தொடர் தொடங்கியபோது கழகத்துக்கு நீல ஜேர்சி. ‘எல்லாரும் நீலத்தில நிக்கிறீங்கள், உங்களைக் கண்டுபிடிக்க ஏலாமக் கிடக்கு அப்பா’ என்று நேரலையைப் பார்த்துவிட்டு அவன் ஒருநாள் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். ஸ்பொன்சர் மாறிக் கழகம் பச்சைக்குப் போனபோது இவர் நீலத்திலேயே நின்றார். அடுத்த ஸ்பொன்சர் செம்மஞ்சள் கொடுத்ததும் பச்சைக்கு வந்தார். துறைமுகத்துப் பக்கம் இவரைப் பகிடி பண்ணாத ஆளில்லை.

“மகன் கதைக்கிறவரா அங்கிள்?”

“எங்க நேரம்? தைப்பொங்கலுக்குப் பிறகு எடுக்கேல்லை. ஆனா மெச் மட்டும் விடமாட்டான். எத்தனை பேர் பாக்கினம்?”

ஊரே மைதானத்தில் நிற்கும்போது நேரலையை யார் பார்ப்பார்கள்? டிலக்ஷி தன் திரையைப் பார்த்தாள்.

“வழமைபோல ஒராள்தான்.”

“அவன்தான்!”

கமராவுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். “மறைக்குது, இருங்கோ ஐயா!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை. மனைவி போன பிறகு அன்புவழிபுரத்து வீட்டில் அவரோடு கதைக்க ஒருவரும் இல்லை. அந்த ஒராளாவது இருக்கிறாரே என்று டிலக்ஷிக்கு ஆறுதலாக இருந்தது.

இடைவேளையில் வந்து தன் போனை நீட்டினார்.

“மெச் நாளில இது நெருப்பாச் சுடுது பிள்ளை. லைவ் துவங்கிட்டுதோ எண்டு ஒருக்காத் திறந்து பாத்திட்டு காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைக்கிறனான், வேறொண்டும் செய்யிறேல்லை. என்னெண்டு பாருங்கோ.”

வாங்கிப் பார்த்தாள். அவளுடைய நேரலை அதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினாள்.

அவள் திரையில் பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து பூச்சியமானது.

“என்ன பிள்ளை, இப்பவும் பாக்கிறானோ?”

டிலக்ஷி அவருடைய போனில் நேரலையைத் திரும்பத் திறந்து, அவர் கையில் கொடுத்தாள்.

“ஓம் அங்கிள். ஒராள் பாக்கிறார்.”